வெளிநாட்டுக்குப் போய் விலங்குகளுக்குத் தொண்டு செய்யலாமா? குளுவாங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் குளுவாங் என்று பெயர் வந்ததே பழந்தின்னி வௌவாலால்தான். மலாய் மொழியில் அதற்குக் கெலுவாங் என்று பெயர். அந்த ஊருக்கு வெளியே ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான். அப்பா குலை வெட்டினார். அம்மா நாலைந்து ஆடும் இரண்டு மாடும் வைத்திருந்தார். இப்போது டவுனில் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். இரண்டு முறை வெளிநாடு போய் விலங்குகளோடு தொண்டு வேலை செய்திருக்கிறேன். 2014-ல் போனது போகவே கூடாத இடம். 2018-ல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போனேன், அது நல்ல இடம். அன்றிலிருந்து கோயில் மண்டபத்திலும் கிளினிக் வாசலிலும் பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோரும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எனக்கு மிருகங்கள் என்றால் உயிர். அது போதாதா?

புறப்படுவதற்கு அது போதும். ஆனால் போகிற இடத்தில் அந்த ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வேலையும் சரியாகச் செய்ய முடியாது. நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. திரங்கானுவில் ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு 1950-களில் பெரிய தோல்முதுகு ஆமைகள் (பெஞ்ஞு பெலிம்பிங்) வந்து ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் போட்டன. இன்று அந்தக் கரை வெறிச்சோடிக் கிடக்கிறது. முட்டைகளை மனிதர்கள் தோண்டி எடுத்து விற்றதும் வலையில் சிக்கி ஆமைகள் செத்ததும் பெரிய காரணங்கள். ஆனால் காப்பாற்றப் போனவர்கள் செய்த ஒரு பிழையும் உண்டு. முட்டைகளை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில், வெயில் கொளுத்தும் மணலில் புதைத்தார்கள். ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். பொரிந்த குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே பெண்ணாகப் போய்விட்டன என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களும் ஆமை மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான்.

அதனால் என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: நீங்கள் போகிற இடத்தில் அந்த விலங்கைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் யார்? அவர் பேச்சைக் கேட்டு, அவர் சொன்னதை மட்டும் செய்ய உங்களால் முடியுமா?

அங்கே அப்படி என்ன வேலைதான் செய்வோம்?

பெரும்பாலும் கழுவுவோம். கூண்டு, தட்டு, தரை, துணி எல்லாம் கழுவ வேண்டும். அப்புறம் நறுக்குவோம், சுமப்போம், எழுதிவைப்போம்.

நான் இருந்த நாய்க் காப்பகத்தில் காலை ஆறு மணிக்கு எழுந்து 40 கூண்டுகளைக் கழுவினோம். அது முடிந்த பிறகுதான் டீ. பத்து மணிக்கு மேல் கருத்தடை அறுவை தொடங்கும். தெருநாய்களைப் பிடித்துவந்து, கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, எந்தத் தெருவில் பிடித்தார்களோ அதே தெருவில் கொண்டுபோய் விடுவார்கள். அறுவை முடிந்த நாய் மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. நாக்கை வெளியே இழுத்து ஓரமாக விட வேண்டும், இல்லையென்றால் மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வயிற்றோரம் வைக்க வேண்டும், மயக்கத்தில் உடம்பு சில்லிட்டுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈறைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்த இடத்தில் உடனே ரோஸ் நிறம் திரும்பினால் ரத்த ஓட்டம் சரி. ஒரு கறுப்பு நாய்க்கு அப்படித் திரும்பவில்லை. நான் கூப்பிட்டேன், டாக்டர் ஓடி வந்தார், நாய் பிழைத்தது. நான் அங்கே போனதற்கு அந்த ஒரு கட்டைவிரல் அழுத்தம் போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

மூன்று வாரத்தில் ஒரு நாயோடுகூட நான் விளையாடவில்லை. அங்கே யாருக்கும் அதற்கு நேரமில்லை.

புலிக்குட்டிக்கும் சிங்கக்குட்டிக்கும் பால் கொடுக்கலாம், கூடவே தூங்கலாம் என்று விளம்பரம் பார்த்தேன். போகலாமா?

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

2014-ல் எனக்கு 22 வயது. தொழிற்சாலையில் இரண்டு வருடம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தை ஓர் ஏஜென்சியிடம் கட்டி, அண்டை நாடு ஒன்றில் மூன்று வாரம் இருந்தேன். முதல் நாளே கையில் ஒரு புலிக்குட்டியைக் கொடுத்தார்கள். நாலு கிலோ இருக்கும். பால்புட்டியை இரண்டு முன்னங்காலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நகங்களை வெட்டிவிட்டிருந்தார்கள். புறங்கையை நக்கியபோது தேங்காய்த் துருவி பட்டது போல இருந்தது. நான் அழுதேவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். பிறகு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஒரு குடும்பம் உட்கார்ந்து படம் எடுக்கும், எழுந்து போகும், அடுத்த குடும்பம் வரும். குட்டி தூங்கினால் காதைச் சுண்டி எழுப்புவார்கள். மாலை வரை இதுதான்.

தாய் எங்கே என்று கேட்டேன். செத்துவிட்டது என்றார்கள். அங்கே மூன்று குட்டிகள், மூன்றுக்கும் வெவ்வேறு வயது. மூன்று தாயும் செத்துவிட்டது என்றார்கள். ஆட்டுக்குட்டியைப் பிரித்து விற்றால் தாய் ஆடு எத்தனை நாள் கத்தும் என்று லயத்தில் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படியிருந்தும் 19 நாள் நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கடைசியில் பின்பக்கம் தண்ணீர் கொண்டுபோனபோது கம்பிக் கூண்டுகளில் பெரிய புலிகளைப் பார்த்தேன். இரண்டின் மடி கனத்துத் தொங்கியது.

குட்டியைச் சீக்கிரம் பிரித்துவிட்டால் தாய்ப்புலி சீக்கிரமே மறுபடி சினைக்கு வரும். வருடம் முழுக்கக் கையில் கொடுக்கச் சின்னக் குட்டி வேண்டுமென்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். சரி, வளர்ந்துவிட்ட குட்டி எங்கே போகிறது? மனிதன் கையில் வளர்ந்த புலிக்கு மனிதனைக் கண்டு பயம் போய்விடுகிறது. அதைக் காட்டில் விட முடியாது.

இது நான் பார்த்த ஓர் இடத்தின் கதை மட்டும் இல்லை. தாய்லாந்தில் காஞ்சனபுரியில் புலிக்கோயில் என்று பேர்போன இடத்தில் வெளிநாட்டுத் தொண்டர்கள் பல வருடம் வேலை செய்தார்கள். 2016-ல் அதிகாரிகள் உள்ளே போனபோது 100-க்கு மேற்பட்ட புலிகளை வெளியே கொண்டுவந்தார்கள், உறைபெட்டியில் 40 செத்த குட்டிகளைக் கண்டெடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் சிங்கக்குட்டி கதையும் இதேதான். தாயில்லாத குட்டி, காட்டுக்குத் திரும்பப் போகிறது என்று சொல்லித் தொண்டர்களிடம் காசு வாங்குவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் சுற்றுலாப் பயணிகளோடு நடக்க விடுவார்கள். முழுதாக வளர்ந்ததும் வேலிக்குள் விட்டுச் சுட, காசு கொடுத்து வருகிற வேட்டைக்காரருக்குப் போகும். எலும்பு ஏற்றுமதியாகும். கூண்டில் சிங்கம் வளர்க்கும் இந்தத் தொழிலையே முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2021-ல் அந்நாட்டு அரசு அறிவித்தது.

அதனால் எந்த இடமானாலும் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். இந்த விலங்கு எங்கிருந்து வந்தது? தாய்க்கு என்ன ஆனது? நான் ஊருக்குப் போன பிறகு இது எங்கே போகும்? நல்ல இடம் நீளமாகப் பதில் எழுதும், சில நேரம் வருத்தமான பதிலாகவும் இருக்கும். மோசமான இடத்திலிருந்து குட்டியின் படம்தான் வரும்.

அப்படியென்றால் தொடவே கூடாதா?

நாய், பூனை, மாடு, கழுதை என்றால் தொட்டுத்தான் ஆக வேண்டும். அவற்றுக்கு மனிதனோடு வாழத்தான் தெரியும். காட்டு விலங்கு வேறு.

ஓராங் ஊத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாய் ஏழெட்டு வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். எதைத் தின்பது, எப்படிக் கூடு கட்டுவது என்று ஆறேழு வருடம் கூடவே வைத்துக் கற்றுக்கொடுக்கும். தாயை இழந்த குட்டிக்கு அந்த இடத்தைப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் நிரப்பப் பார்க்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது முகம் வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அந்தக் குட்டி மறுபடி மறுபடி தாயை இழக்கிறது. அதனால்தான் நல்ல மையங்களில் தொண்டர்களைச் சமையல் கூடத்திலும் கட்டட வேலையிலும் வைக்கிறார்கள்.

இன்னொரு காரணம் நோய். நமக்கு வெறும் சளி, அதற்குச் சாவு. காசநோய் பரிசோதனை, ஹெப்பட்டைட்டிஸ் ஊசி என்று கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அப்படிக் கேட்கிற இடம் விலங்கை மதிக்கிற இடம். நோய் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் வரும். 1998, 1999-ல் நிப்பா என்ற கொள்ளைநோய் வந்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெகிரி செம்பிலானில் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர்தான் அந்தக் கிருமிக்கு. எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த அதே பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்தது. 265 பேருக்கு நோய் கண்டது, 105 பேர் இறந்தார்கள். வௌவால் பாவம், தன் பாட்டுக்குப் பழம் தின்றது. பழமரத்தையும் பன்றிக் கொட்டகையையும் ஒட்டிவைத்தது நாம்.

நான் போய் வேலையும் செய்து, காசும் கொடுக்க வேண்டுமா? இது என்ன நியாயம்?

அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. தோட்டத்தில் வேலைக்குக் கூலி வாங்கியே பழகியவருக்கு வேறு என்ன தோன்றும்?

ஒரு வளர்ந்த ஆசிய யானை நாளைக்கு 150 கிலோ வரை தின்னும். அதற்கு அரசு மானியம் இல்லாத இடத்தில் யார் காசு கொடுப்பது? உங்களுக்கும் மூன்று வேளைச் சாப்பாடு, படுக்கை, பழகாத உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அதனால் கட்டணம் கேட்பது தப்பில்லை. கணக்கு சொல்ல மறுப்பதுதான் தப்பு. எவ்வளவு உங்கள் சாப்பாட்டுக்கு, எவ்வளவு விலங்குக்கு, இடையில் இருக்கும் ஏஜென்சிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். முடிந்தால் ஏஜென்சியை விட்டுவிட்டு நேராக அந்த இடத்துக்கே எழுதுங்கள். தனியாள் பேரில் உள்ள கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

சென்னைப் பக்கம் போன மூன்று வாரத்துக்கு, விமானம், விசா, ஊசிகள், காப்புறுதி எல்லாம் சேர்த்து எனக்கு மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) ஆனது. கடன் வாங்கிப் போகாதீர்கள். நகையை அடகு வைத்துப் போகவே போகாதீர்கள்.

ஒருவர் டிக்கெட்டும் கொடுத்து மாதச் சம்பளமும் தருவதாகச் சொல்கிறார். இது இன்னும் நல்லது இல்லையா?

தம்பி, இதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்குகிறது. வேலை என்று நம்பிப் போய் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்ட மலேசியப் பிள்ளைகளின் செய்தி 2022 முதல் வந்துகொண்டிருக்கிறது. முன் அனுபவம் இல்லாதவருக்குச் சம்பளமும் டிக்கெட்டும் கொடுக்க எந்த விலங்குக் காப்பகத்திடமும் பணம் இருக்காது. அந்த இடத்தின் பெயர், பதிவு, அங்கே ஏற்கனவே போய்வந்த இரண்டு பேருடைய தொடர்பு, இவை மூன்றும் இல்லாமல் பாஸ்போர்ட் படத்தைக்கூட அனுப்பாதீர்கள். யாரிடமும் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து வைக்காதீர்கள். போவதற்கு முன் நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் இணையப் பதிவில் உங்கள் பயண விவரத்தைப் பதிந்துவிடுங்கள்.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) வரைக்கும்தான் படித்திருக்கிறேன். ஆங்கிலமும் சுமார். சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். பட்டம் கேட்கிற இடங்கள் மருத்துவம், ஆராய்ச்சி சார்ந்தவை. மற்ற இடங்களில் கை வேலை தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டிய கைக்கு யானைக்குத் தழை வெட்டுவது புதிதில்லை. வெல்டிங் தெரிந்தால் கூண்டுக் கதவு சரிசெய்யலாம். லோரி ஓட்டத் தெரிந்தால் கைமேல் வேலை. வெயிலில், சேற்றில், அட்டைக்கடியில் எட்டு மணி நேரம் நிற்கப் பழகிய தோட்டத்துப் பிள்ளைகள், பெரிய நகரத்திலிருந்து வருகிறவர்களைவிட முதல் வாரத்தை எளிதாகத் தாண்டுகிறார்கள். விண்ணப்பத்தில் இதையெல்லாம் எழுதுங்கள். மாடு மேய்த்ததையும் எழுதுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

மலாய் தெரிந்தது பெரிய பலம். போர்னியோ தீவில் இருக்கும் நம் சபா மாநிலத்திலும் இந்தோனேசியாவிலும் அது போதும்.

முதல் தடவை எந்த நாட்டுக்குப் போகலாம்?

கடல் தாண்ட வேண்டும், ஆனால் பாஸ்போர்ட் வேண்டாம் என்றால் சபா. தீபகற்பத்தில் இருந்து குறுகிய காலம் போய்வர மைகார்டு (நம் அடையாள அட்டை) போதும். சண்டகான் பக்கம் செப்பிலோக்கில் 1964 முதல் ஓராங் ஊத்தான் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே தேன் கரடிகளுக்கான மையத்தை 2008-ல் வோங் சியூ தே என்ற மலேசிய ஆராய்ச்சியாளர் தொடங்கினார். உலகத்துக் கரடி வகைகளிலேயே சின்னது இந்தத் தேன் கரடி. நம் காடுகளில் வாழ்கிற விலங்கை நம்மில் பலர் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

இந்தியா என்றால் தெருநாய், பூனை, மாடு. மொழி நமக்குத் துணை. சென்னையில் புளூ கிராஸ் 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கியது. நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்ற வழியை அங்கே 1960-களிலேயே நடத்திக் காட்டினார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், அவர்கள் தமிழும் நம் தமிழும் ஒன்றுபோல இருக்காது. காலையில் பார்த்தவர்களிடம் “பசியாறியாச்சா?” என்று கேட்டேன். ஒரு வயதான கூண்டுக்காரர் என்னை நிறுத்தி, “இந்தச் சொல்லை எங்க ஆயா சொல்லிக் கேட்டதும்மா” என்றார். அன்றிலிருந்து தினமும் அவரே என்னிடம் அதைக் கேட்டார்.

இலங்கையிலும் தமிழ் கைகொடுக்கும் இடங்கள் உண்டு. அங்கே யானைக்கு இரண்டு வகை இடங்களைப் பார்க்கலாம். பின்னவல 1975-ல் அநாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கி, பிறகு பெரிய சுற்றுலா இடமானது. உடவலவையில் 1995 முதல் இருக்கும் இடைத்தங்கல் மையம் குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி அனுப்புகிறது. பார்க்க வருகிறவர்கள் தூரத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். எந்த வகை இடம் என்று பிரித்துப் பார்க்கப் பழக இந்த இரண்டையும் படித்தாலே போதும். கடற்கரையில் ஆமைக்குஞ்சுகளைத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்துக் காட்டுகிற பொரிப்பகங்களைத் தவிருங்கள். பொரிந்த குஞ்சுக்கு முதல் ஓட்டத்துக்கு மட்டும் சக்தி இருக்கும். அதைத் தொட்டியிலேயே நீந்தித் தீர்த்துவிட்டால் கடலில் என்ன செய்யும்?

தாய்லாந்தில் பெச்சபுரியில் 2001 முதல் நடக்கும் காட்டுவிலங்கு மீட்பு மையம், சியாங் மாயில் யானை மேல் ஏறாமல் யானையைப் பார்க்க வைக்கும் இயற்கைப் பூங்கா என்று தொண்டர்களை எடுக்கும் இடங்கள் உண்டு. யானைச் சவாரி நடக்கிற இடம் எதுவானாலும் வேண்டாம்.

ஆப்பிரிக்கா முதல் தடவைக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். செலவும் தூரமும் அதிகம், ஏதாவது ஆனால் தனியாக நிற்பீர்கள்.

சுற்றுலா விசாவில் போய்விடலாமா?

நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவின் மின்சுற்றுலா விசாவில், சம்பளம் இல்லாத குறுகிய காலத் தொண்டுக்கு ஒரு மாதம் வரை இடம் உண்டு. தாய்லாந்தில் சம்பளம் வாங்காவிட்டாலும் வேலை என்றால் வேலைதான். உரிய அனுமதியை ஏற்பாடு செய்வீர்களா என்று அந்த இடத்திடம் கேளுங்கள். “சும்மா டூரிஸ்ட் என்று சொல்லுங்கள்” என்று யாராவது எழுதினால், சட்டத்தில் இப்படி இருப்பவர்கள் விலங்கு விஷயத்தில் எப்படி இருப்பார்கள் என்று யோசியுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும்.

என்னென்ன ஊசி போட வேண்டும்?

மருத்துவரிடம் குறைந்தது ஆறு வாரம் முன்னால் போங்கள். எதற்கு என்று தெரிந்துகொண்டு போக மட்டும் இங்கே சொல்கிறேன். ரேபிஸ்தான் முக்கியம். அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைக்க வழியில்லாத நோய் அது. முன்கூட்டியே போடும் ஊசியை ஏழு நாள் இடைவெளியில் இரண்டு தடவையாகப் போடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது. போட்டிருந்தாலும் கடிபட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பிறகு மருத்துவமனைக்குப் போய் மீதி ஊசியும் போட வேண்டும். அந்த 15 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், நாம் நினைப்பதைவிட அது நீளமான நேரம்.

டெட்டனஸ் கட்டாயம். எலி மூத்திரக் காய்ச்சலுக்கு, நம் ஆட்கள் கென்சிங் திக்குஸ் என்பார்களே அதற்கு, காலில் பூட்ஸும் புண்ணில் கட்டும்தான் காவல். போர்னியோ காட்டில் குரங்கிடமிருந்து வரும் மலேரியா உண்டு, கொசுவிடம் கவனம். ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டுக்குப் போனால், பத்து நாளுக்கு முன்பே ஊசி போட்ட சான்றிதழ் வேண்டும். இல்லாமல் போனால் திரும்பி வரும்போது நம் நாட்டிலேயே சிக்கல். காப்புறுதி வாங்கும்போது விலங்குக் கடியும் உடலுழைப்புத் தொண்டும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர் போகலாமா?

போகலாம். சாப்பாடு பிரச்சினை இல்லை. ஆனால் கரடிக்கும் புலிக்கும் இறைச்சி வெட்ட வேண்டி வரும். முடியாது என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், வேறு வேலை தருவார்கள்.

எத்தனை நாள் போகலாம்?

இரண்டு வாரத்துக்குக் கீழே வேண்டாம். முதல் நான்கு நாள் நீங்கள் அவர்களுக்குப் பாரம். நாலு வாரம் என்றால் நல்லது.

போவதற்கு முன் இங்கேயே பழகிப் பார்க்க வழி உண்டா?

உண்டு, அதைத்தான் எல்லாரிடமும் முதலில் சொல்கிறேன். எங்கள் ஊரில் இருந்து காஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் போய்ப் படகு ஏறினால் தியோமான் தீவு. அங்கே ஜுவாரா கிராமத்தில் ஆமைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று தொண்டர்களை எடுக்கிறது. ராத்திரி கடற்கரையில் நடப்பது, மணலில் தடம் பார்ப்பது, குப்பை பொறுக்குவது, இதெல்லாம் பிடிக்கிறதா என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

அதற்கும் வழியில்லையா? தோட்டத்திலேயே தொடங்கலாம். எலியைக் கட்டுப்படுத்தச் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி வைத்திருப்பார்கள், கம்பத்தின் மேல் மரப்பெட்டி. அதன் அடியில் போய்க் கீழே பாருங்கள். கட்டைவிரல் அளவில் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். கூகை கக்கியது. தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் எலியின் மண்டையோடு, தாடை, மஞ்சள் பல் எல்லாம் முழுசாக வரும். வாரம் ஒருமுறை எண்ணி, நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள், மூன்று மாதத்துக்கு. எந்த நாட்டுக் காப்பகத்திலும் உங்களுக்குத் தரப்போகிற வேலை இதேதான்: பார், எண்ணு, எழுது, மறுபடி அடுத்த வாரம் வா. மூன்று மாதம் விடாமல் எழுதிய பெண் ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் விண்ணப்பத்தோடு அந்த நோட்டின் படத்தையும் அனுப்பினாள், எடுத்துக்கொண்டார்கள்.

நம் சனமே கஷ்டத்தில் இருக்கும்போது வெளிநாட்டு மிருகத்துக்கு என்ன தொண்டு?

கோயில் தலைவர் ஒருவர் எல்லார் முன்னிலும் என்னிடம் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையான வருத்தத்தில் கேட்டார். லயத்தை விட்டு வெளியேற்றப்பட்டு வீடில்லாமல் அலைந்த குடும்பங்களைப் பார்த்தவர் அவர். அந்தக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன்.

ஆனால் எனக்குத் தெரிந்த தோட்டத்தில் மனிதன் கஷ்டமும் விலங்கின் கஷ்டமும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமாகத்தான் இருந்தது. காஹாங் பக்கம் யானை இறங்கினால், விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற ஆள்தான் அதன் முன்னால் நிற்கிறார். பக்கத்துக் காடு குறைந்ததும் யானை செம்பனைக் கன்றின் குருத்தைத் தேடி வருகிறது. ஒரு ராத்திரியில் சிறுதோட்டக்காரர் ஒருவரின் இரண்டு வருட உழைப்பு போய்விடுகிறது. யானையை மயக்கி வேறு காட்டுக்குக் கொண்டுபோகும் வேலையை வனவிலங்குத் துறை 1974 முதல் செய்கிறது. பகாங்கில் கோலா கண்டா யானை மையம் 1989 முதல் இருக்கிறது. ஆனால் கொண்டுபோய் விட்ட யானை திரும்பி வந்த கதையையும் இங்கே எல்லாரும் சொல்வார்கள். யானை எந்த வாசனையை வெறுக்கும், எந்த மாதத்தில் எந்த வழியில் நடக்கும், குட்டியோடு இருக்கும் தாயின் முன்னால் எப்படிப் பின்வாங்க வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள் தோட்டத்துக்கு ஒருவர் இருந்தால் இரண்டு உயிரும் பிழைக்கும். அந்த ஆள் ஏன் நம் பிள்ளையாக இருக்கக் கூடாது? அதை இலங்கையிலோ தாய்லாந்திலோ யானையோடு வாழ்கிறவர்களிடம் கற்றுக்கொண்டு வரட்டுமே.

நானும் திரும்பி வந்த பிறகுதான் எங்கள் லயத்து நாய்களுக்குக் கருத்தடை செய்ய ஆரம்பித்தோம். முதல் வருடம் 11 நாய். குழந்தைகளைக் கடிப்பது குறைந்தது என்று அதே தலைவர்தான் எனக்குச் சொன்னார்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

அம்மா, பயப்படுவது சரிதான். என் அம்மா விமானம் ஏறும் நாள்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பயத்தைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். தூங்கும் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா? பெண்களுக்குத் தனிக் குளியலறையா? அங்கே பொறுப்பில் பெண் யாராவது இருக்கிறாரா, அவர் தொலைபேசி எண் என்ன? பக்கத்து மருத்துவமனை எத்தனை தூரம்? நடு ராத்திரியில் விமானம் இறங்கினால் அழைத்துப்போக யார் வருவார்? இதை மகளே கேட்டு, பதிலை உங்களிடம் படித்துக் காட்டட்டும். திரும்பி வரும் டிக்கெட்டும், அவசரத்துக்கு இன்னொரு டிக்கெட் வாங்கும் பணமும் அவள் கணக்கில் தனியாக இருக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் மறுநாளே கிளம்பலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம் என்று போகும்போதே சொல்லி அனுப்புங்கள். 2014-ல் அந்த ஒரு வார்த்தையை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் மூன்றாம் நாளே திரும்பியிருப்பேன்.

இன்னும் சந்தேகம் இருந்தால், அந்த இடத்திலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளோடு வீட்டுக்கு வாருங்கள். நாலு மணிக்கு மேல் நான் இருப்பேன். ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து படிப்போம்.